உயரமான வண்டி, வராத வண்டி

1

கல்யாண நாளை மறந்துவிடுவார். நான் மலேசியாவுக்கு வந்து இறங்கிய நாளை மட்டும் என் கணவர் மறக்கவே மாட்டார். அன்று விடிந்ததும் கடைத்தெருவுக்குப் போய், வாழையிலையில் மடித்த தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும் வாங்கி வந்து மேசையில் வைப்பார். "இன்னிக்கு நீ கெடாவுக்குக் குடி வந்த நாளு. பசியாறு" என்பார். காலைச் சாப்பாட்டை இங்கே பசியாறுதல் என்கிறார்கள். திருச்சியில் டிபன் என்று சொல்லி வளர்ந்தவள் நான். வந்த புதிதில் எனக்கு உடனே பிடித்துப்போன சொல் அதுதான்.

இந்த ஆண்டு அந்த நாள் வந்தபோது நாங்கள் இருவரும் குடிநுழைவு அலுவலகத்தில் இருந்தோம். அவர் சக்கர நாற்காலியில், நான் அதைத் தள்ளிக்கொண்டு பின்னால். அவருக்கு நாள் நினைவில்லை. நானும் சொல்லவில்லை.

"இத்தனை வருஷமா அங்க குடும்பம் நடத்துறே, புள்ளை பெத்து வளத்துட்டே, இன்னுமா விசா?" என்று என் தங்கை போனில் சிரிப்பாள். ஆமாம், இன்னும்தான். இந்நாட்டுக் குடிமகனின் மனைவி என்ற முறையில் எனக்குத் தங்கும் அனுமதி தருகிறார்கள். அது முடியும்போதெல்லாம் கணவரும் கூட வந்து, இவள் என் மனைவிதான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். நிரந்தரமாகத் தங்க மனுக் கொடுத்து வைத்திருக்கிறேன். பதில் வரும்போது வரட்டும்.

முகப்பில் இருந்தது இளம் மலாய்ப் பெண். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி மலாயில் கேட்டாள்: "பாச்சிக், இவங்க உங்களுக்கு யாரு?"

பாச்சிக் என்றால் பெரியவரே, சித்தப்பா என்பதுபோல ஒரு மரியாதை. கேள்வியில் குறை ஒன்றுமில்லை. ஆனால் நான் நாற்காலிப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். காலையில்தான் என்னைப் பார்த்து, "யக்கா, மல்லிகா எங்க?" என்று கேட்டிருந்தார். மல்லிகா நான்தான்.

அவர் தலையைத் திருப்பி என்னை வெகுநேரம் பார்த்தார். நான் வாயைத் திறக்கக் கூடாது. வாயசைத்துக் காட்டவும் கூடாது. கடைசியில், "இஸ்திரி சாயா" என்றார். என் மனைவி.

கல்யாணமான புதிதில் இதே சொல்லைச் சொல்லி ஒரு மலாய்க்கார நண்பரிடம் என்னை அறிமுகப்படுத்தினார். வீட்டுக்கு வந்ததும், "என்னை இஸ்திரி போடுறவன்னா சொன்னீங்க?" என்று சண்டை போட்டேன். அவர் சிரித்து முடிக்க நேரம் பிடித்தது. அன்று சண்டைக்குக் காரணமான சொல்லுக்காக இன்று கண் கலங்கி நின்றேன். அவர் கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் சுருங்கிப் போயிருந்ததால், அந்தப் பெண் எழுந்து சுற்றி வந்து, அவர் கட்டைவிரலைப் பிடித்துத் தானே மையில் ஒற்றி எடுத்தாள்.

வெளியே அவரைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஒருவர் மின்சார மலைச் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனார். தடித்த டயர், மெல்லிய மோட்டார் முனகல். என் கணவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அது தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

அவர் பெயர் சுப்ரமணியம். எல்லாருக்கும் மணி. பாலிங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் பால் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறி ரப்பரை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டபோது குடும்பம் சுங்கைப் பட்டாணிக்கு வந்துவிட்டது. அவர் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்து ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

அவருடைய தாத்தா கப்பலேறிய ஊர் திருச்சிப் பக்கம். அந்த வழியில் தேடிக்கொண்டு வந்து என்னைப் பெண் கேட்டார்கள். நம் தமிழ்தானே பேசுகிறார்கள், என்ன கஷ்டம் வரப்போகிறது என்று அம்மா சொன்னாள். முதல் நாளே என் நாத்தனார், "அண்ணி, வந்தவங்களுக்குத் தண்ணி கலக்கட்டுமா?" என்று கேட்டபோது சாராயம் ஊற்றும் வீடா இது என்று பயந்துபோனேன். தேநீரோ மைலோவோ, கலக்கிக் கொடுக்கும் எதற்கும் இங்கே தண்ணிதான். காரைக் காடி என்பார்கள், சாலையைச் சடக்கு என்பார்கள். ஒவ்வொன்றாய்ப் பழகிக்கொண்டேன். இப்போது திருச்சிக்குப் போனால் என் வாயில் சடக்கு வந்து தங்கை விழிக்கிறாள்.

அவருக்கு நோய் வலது கைக் கட்டைவிரலில் தொடங்கியது. நாளிதழைப் பிடித்தால் தாள் சலசலக்கும். பார்க்கின்சன் என்றார் மருத்துவர். நடுக்கம் பெரிதில்லை, மாத்திரையில் அடங்கியது. அடங்காதது கால். நன்றாக நடந்துகொண்டே வருவார். சமையலறை வாசற்படி வந்ததும் பாதங்கள் தரையில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் போகப் பார்க்கும், கால் வராது.

அதற்கு ஒரு வழி கற்றுக்கொண்டேன். அவர் எதிரே நின்று இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு" என்று நான் பின்னோக்கி நடப்பேன். அவர் என் காலைப் பார்த்துக்கொண்டு முன்னால் வருவார். வீட்டுக்குள் எங்கள் போக்குவரத்தே அப்படி ஆகிவிட்டது. பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே நடக்கப் பழகிவிட்டேன்.

3

அவருக்கு ஒரே ஒரு சிநேகிதர். அந்தோணி. ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த தொழிலாளர் லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். இவர் மாரியம்மன் கோயிலுக்கும் அவர் மாதா கோயிலுக்கும் போவார்கள், மற்ற இடத்துக்கெல்லாம் சேர்ந்தே போவார்கள். அந்தோணி அண்ணன் லாரி ஓட்டி ஓய்ந்து, பீடோங்கில் ஒரு சிறு வீட்டில் கோழி வளர்த்துக்கொண்டிருந்தார். மனைவி இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வருவார், அல்லது நாங்கள் போவோம்.

அப்படிப் போன ஒரு நாள், அவர் வீட்டு வாசலில் என் கணவரின் கால் ஒட்டிக்கொண்டது. நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அந்தோணி அண்ணன் கைகொடுக்க வருவதற்குள், இவர் பக்கத்துச் சுவரில் சாய்த்திருந்த பழைய சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தார். பிடிமானத்துக்காக என்றுதான் நினைத்தேன். மெல்லச் சாய்ந்து, இருக்கையில் உட்கார்ந்து, ஒரு காலைப் பெடலில் வைத்தார்.

"டேய் மணி, என்னா செய்ற? விழுந்துருவ லா!"

அவர் போய்விட்டார். கோழிகள் இறைந்து ஓட, முற்றத்தைச் சுற்றி, மண் சடக்கில் ஏறி, மாமரம்வரை போய், வளைந்து திரும்பி வந்தார். முதுகு நேராக இருந்தது. தோள் ஆடவில்லை. கால்கள் இரண்டும் சொன்னபடி கேட்டன. ஆனால் எங்களை நெருங்கியதும் நிறுத்தத் தெரியாமல், "பிடி, பிடி!" என்று கத்தினார். அந்தோணி அண்ணன் ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தார், நானும் ஓடிப் பின்னால் பிடித்தேன். மூவரும் கோழித் தொட்டியின் மேல் விழுந்தோம்.

அவர் எழுந்து, மறுபடி வாசற்படியைப் பார்த்தார். கால் ஒட்டிக்கொண்டது. எங்களுக்குச் சிரிக்கவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை.

மருத்துவரிடம் சொன்னோம். அவர் வியக்கவில்லை. சிலருக்கு இப்படித்தான், நடக்கும் வழி அடைபட்டாலும் சைக்கிள் மிதிக்கும் வழி திறந்திருக்கும் என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். "முடியும்வரை விடுங்க. ஆனா தனியா விடாதீங்க" என்றார்.

4

சுங்கைப் பட்டாணிக் கடைத்தெருவில் ஆ செங் என்கிற சீனர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். தமிழர் வாடிக்கையாளர்களிடம் கொஞ்சம் தமிழ், மிச்சம் மலாய். என் கணவருக்கு டவுன் சடக்கில் ஓட்ட விருப்பமில்லை, லாரிகளுக்கு நடுவே எனக்கும் சம்மதமில்லை. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதைகளில் ஓட்ட வேண்டும். அங்கே மேடு பள்ளம் உண்டு, அவருக்கு மூச்சு வாங்கும். ஆகவே மின்சார மலைச் சைக்கிள்.

ஆ செங் இரண்டைச் சொன்னார். ஒன்று கடையிலேயே நின்றது. கறுப்பு. உயரமான சட்டம், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே நேர்க்குழாய் இடுப்பளவு. காலை வீசித் தூக்கிப் போட்டால்தான் ஏற முடியும். கனமும் அதிகம். இன்னொன்று போனில் படமாக இருந்தது. நீலம். சட்டம் நடுவில் தாழ்ந்து வளைந்து, மாட்டைத் தாண்டுவதுபோல் அல்லாமல் வாய்க்காலைத் தாண்டுவதுபோல் காலை எடுத்து வைக்கலாம். கைப்பிடியில் ஒரு விசையை அழுத்தினால் இருக்கை தானாகக் கீழே இறங்கும், நிற்கும்போது இரண்டு காலும் தரையில் ஊன்றும். அவருக்கென்றே செய்ததுபோல் இருந்தது. நீலத்தைத்தான் கேட்டோம்.

"அடுத்த மாசம் வரும் அங்கிள்" என்றார் ஆ செங்.

அடுத்த மாதம் போனோம். "கப்பால் பெலும் சம்பாய்" என்றார். அதில் கப்பல் நம் சொல்லேதான், மற்றதும் விளங்கிவிட்டது. கப்பல் இன்னும் வரவில்லை. அதற்கடுத்த முறை, கப்பல் வந்தது, இந்த வண்டிக்கான மோட்டார் தொழிற்சாலையிலேயே தட்டுப்பாடு என்றார். பொய் சொல்லும் மனிதரல்ல. ஒவ்வொரு முறையும் எங்களைவிட அவர் முகம்தான் வாடியது. "சபார் லா அங்கிள்" என்பார். பொறுமையாக இருங்கள்.

இதற்கிடையில் என் கணவருக்குச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் ஆனது. பிறகு படுக்கையில் தானாகப் புரள முடியாமல் ஆனது. கடையில் கறுப்பு வண்டி அதே இடத்தில் நின்றது. ஒவ்வொரு முறை போகும்போதும் அதன் கைப்பிடியைத் தொட்டுவிட்டு வருவார்.

5

எங்கள் மகள் நித்யா ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கிறாள். படிக்கப் போனவள் அங்கேயே வேலையில் அமர்ந்துவிட்டாள். நான் கடல் தாண்டி வந்தவள், என்னைத் தாண்டி அவள் போனாள். இதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் தமிழ்தான் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிகிறது. முன்பு "சாப்பிட்டியாம்மா" என்பாள். இப்போது "டின்னர் ஆச்சா" என்கிறாள்.

எந்த வண்டி என்று முடிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் திரையில் அவளையும் கூட்டிவைத்துப் பேசினோம். அந்தோணி அண்ணனும் இருந்தார்.

"அம்மா, ப்ளீஸ், வெயிட் பண்ணுங்க லா. அந்த ப்ளாக் ரொம்ப ஹை. அப்பா கால தூக்கும்போது விழுந்தா? ஹிப் போனா அவ்ளோதான், தெரியுமா?"

"தெரியும்."

"இல்லாட்டி மூணு சக்கரம் வாங்கலாம். சேஃப்."

என் கணவர் முதன்முறையாக வாய் திறந்தார். "மூணு சக்கரத்துல என்னா, ஐஸ் கிரீம் விக்கவா?"

அந்தோணி அண்ணன் சிரித்தார். நித்யா சிரிக்கவில்லை. "டாடி, நான் சீரியஸா பேசறேன். நீலம் வரட்டும். கொஞ்ச நாள்தானே?"

எனக்கு அந்தக் 'கொஞ்ச நாள்' தாங்கவில்லை. நான் இந்த நாட்டில் கற்ற முதல் மலாய்ச் சொல் துங்கு. காத்திரு. குடிநுழைவு அலுவலக முகப்பில் அந்தச் சொல்லைச் சொன்னபோது, அது நான் பார்க்க வேண்டிய அதிகாரியின் பெயர் என்று நினைத்து, துங்கு எந்த அறையில் இருக்கிறார் என்று கேட்டவள் நான். நித்யா கைக்குழந்தையாக இருந்தபோது, பொன்மலையில் அப்பாவுக்கு முடியவில்லை என்று தங்கை போன் செய்தாள். அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். நான் போகும் நாளெல்லாம் எனக்காகக் கோழி வாங்கப் பை எடுத்துக்கொண்டு நிற்பவர். அப்போது என் பாஸ்போர்ட்டைத் தங்கும் அனுமதி புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். யாரும் தவறு செய்யவில்லை. போய்க் கேட்டபோதெல்லாம் மரியாதையாகவே சொன்னார்கள், துங்கு. அது கைக்கு வந்து நான் வீடு போய்ச் சேர்ந்தபோது, அப்பா படுத்திருந்த கட்டிலைக்கூட யாரோ வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாக நிறம் வெளுத்துக் கிடந்தது.

இதையெல்லாம் நித்யாவிடம் சொல்லவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"உங்கப்பா இன்னிக்கு இருக்கிற மாதிரி நீலம் வர்ற அன்னிக்கு இருப்பாராடி?"

அவரை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. அவர் முகத்தைப் பார்க்கத் துணியாமல் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நித்யா" என்றார் அவர். குரல் அப்போதே மெலியத் தொடங்கியிருந்தது. "அம்மா சொல்றது சரிம்மா. கறுப்பே எடுத்துக்கலாம். ஏறுறதுக்கு அந்தோணி பாத்துக்குவான்."

"ஆமா ஐயா, உனக்கு நான் குதிரைக்காரன்!" என்றார் அந்தோணி அண்ணன். ஆனால் மறுநாளே பலகைகளை அறைந்து, இரண்டு படி வைத்த ஒரு மேடை செய்து கொண்டுவந்து எங்கள் வீட்டு முன்கூடத்தில் போட்டார். நித்யா ஒரு வாரம் போன் எடுக்கவில்லை.

6

ஏறுவது ஒரு திருவிழா. படிமேல் அவரை நிறுத்தி, நான் ஒரு பக்கம் இடுப்பைப் பிடிக்க, அந்தோணி அண்ணன் அவர் காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடுவார். "ஆச்சு மணி, மிதி!" வண்டி கிளம்பிவிட்டால் பிறகு ஒன்றுமில்லை. மோட்டார் தள்ளும், கால் சுழலும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வண்டியையும் அந்தப் படியையும் ஒரு சிறு லாரியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்து முகப்புக்குப் போவோம். அந்தோணி அண்ணன் தன் சின்ன மோட்டார் சைக்கிளில் முன்னே போவார். நிறுத்தும் இடத்துக்கு முதலில் போய் இறங்கி நின்று இவரைப் பிடிக்க வேண்டுமே. செம்பனை வரிசைகளுக்கு நடுவே பாதை போகும். ஒரு வாரம் மெர்போக் பக்கம். ஒரு வாரம் யான் வரை, ஒரு புறம் ஜெராய் மலை, மறு புறம் கடல்வரைக்கும் நெல் வயல். நான் பாதை அகலமாக இருக்கும் இடங்களில் அந்த லாரியை ஓட்டிக்கொண்டு பின்னால் போவேன்.

அப்படிப் போனபோதுதான் ஒன்று கவனித்தேன். எத்தனையோ காலமாக நான் அவர் முதுகைப் பார்த்ததே இல்லை. எப்போதும் எதிரே நின்று, கையைப் பிடித்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடந்தவள். இப்போது என் முன்னால் ஒரு மனிதர் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். காற்றில் சட்டை உப்பியிருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில், வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று நான் பார்த்த அதே முதுகு. யாருடைய உதவியும் வேண்டாத முதுகு. கண்ணாடி மறைக்கிறது என்று துடைத்தேன், மழை ஒன்றும் இல்லை.

தீபாவளிக்கு நித்யா வந்தாள். சாதாரணச் சைக்கிள் ஒன்றை ஆ செங்கிடம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு அப்பாவுடன் போனாள். மெர்போக் ஆறு கடலில் சேருமிடத்தில் இருக்கிற தஞ்சோங் டாவாய்வரை போவதாக ஏற்பாடு. நான் மீன் காயப் போட்டிருக்கும் கரையில் காத்திருந்தேன். நெத்திலி வாசனையில் பூனைகள் கூட்டமாய்த் திரிந்தன. அந்தோணி அண்ணன் முதலில் வந்து இறங்கினார். பின்னால் இவர். கடைசியில் அவள், முகமெல்லாம் சிவந்து, முழங்காலில் சேறு.

"அம்மா, டாடி என்னை வெயிட் பண்ணவே இல்ல! ஃபுல்லா ஆர்டர் மேல ஆர்டர். 'ரைட்ல வாய்க்கா, பாத்து வா', 'மட்டை கெடக்கு, பாத்து வா'..." சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே அப்பாவின் தோளில் சாய்ந்து அழுதாள். சின்னப் பிள்ளையில் அவளுக்குச் சைக்கிள் பழக்கியவர் அவர்தான். எதற்காக அழுதாள் என்று நான் கேட்கவில்லை. நால்வரும் அங்கேயே ஒரு கடையில் மீன் பொரியல் சாப்பிட்டோம். அவருக்கு நான் முள் எடுத்துக் கொடுக்கப்போனபோது, நித்யா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

7

அடுத்த மழைக்காலம் முடிந்த சமயம். நான் அன்று லாரியோடு தோட்டத்து முகப்பில் இருந்தேன். அந்தோணி அண்ணன் மட்டும் மோட்டார் சைக்கிளில் வேகமாகத் திரும்பி வந்தார்.

"தங்கச்சி, பயப்படாத. விழுந்துட்டான். அடி ஒண்ணும் பெருசா இல்ல."

போய்ப் பார்த்தபோது, குலை வெட்டும் தொழிலாளர்கள் இருவர் அவரைப் பனையடியில் உட்காரவைத்திருந்தார்கள். முழங்கையில் சிராய்ப்பு. வண்டி வாய்க்காலோரம் கிடந்தது.

"என்னங்க ஆச்சு?"

"புள்ளைங்க நின்னுச்சுங்க மல்லிகா. ரெண்டு புள்ளைங்க. நடுச் சடக்குல. மணி அடிச்சேன், நகரவே இல்ல. அதான் வண்டிய ஒடிச்சுத் திருப்பினேன்." பாதையைக் காட்டினார். "ஒண்ணுக்கும் அடிபடலியே?"

நான் அந்தோணி அண்ணனைப் பார்த்தேன். அவர் கண்ணில் நீர் முட்டியது. தலையை மட்டும் ஆட்டினார். அங்கே பிள்ளைகள் இல்லை. ஒரு ஆடுகூட இல்லை.

"அடிபடலைங்க. வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றேன்.

மருத்துவர் இனி வண்டி வேண்டாம் என்றார். நோய் இப்போது நினைவுக்குள் வந்துவிட்டது என்றார். அதே வாரம் ஆ செங் போன் செய்தார். குரலில் அத்தனை சந்தோஷம். "அக்கா, நீல வண்டி வந்தாச்சு! அங்கிள்கிட்ட சொல்லுங்க!" வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். "சரிக்கா" என்றார். மாலையில் ஒரு பை நிறைய ரம்புத்தான் பழம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார்.

8

இப்போது அவருக்கு அப்பா அம்மா பால் வெட்டிய ரப்பர் மரங்கள் நினைவிருக்கின்றன. தோட்டத்தில் வேலையை மேற்பார்த்த மண்டோரின் நாய் பெயர்கூடத் தெரிகிறது. அண்மையில் நடந்தது எதுவும் நிற்பதில்லை. கறுப்பு வண்டி முன்கூடத்தில்தான் நிற்கிறது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, "யாரோட வண்டி? அந்தோணியோடதா?" என்பார். ஆமாம் என்பேன்.

அந்த வண்டியில் ஓட்டிய ஒரு ஞாயிறுகூட அவரிடம் இல்லை. ஆனால் ஆ செங் கடைக்குப் போய்வந்த மாதங்கள் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காலையில் கஞ்சி ஊட்டும்போது கேட்பார்: "மல்லிகா, நீல வண்டி வந்துருச்சா?"

முதலில் உண்மையைச் சொன்னேன். வேறு வண்டி வாங்கினோம், நீங்கள் ஓட்டினீர்கள் என்று போனில் படங்களைக் காட்டினேன். அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, தன்னை ஏதோ ஏமாற்றுகிறோம் என்று முகம் கோணி, கஞ்சி வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு, "கப்பல் இன்னும் வரலையாம்" என்றே சொல்கிறேன். "வரட்டும், வரட்டும்" என்று வாயைத் திறப்பார்.

குடிநுழைவு அலுவலகத்திலிருந்து திரும்பிய அன்று மாலை நித்யா திரையில் வந்தாள். அவளிடமும் அதையே கேட்டார்.

"நித்யா, வண்டி வந்துருச்சாம்மா?"

கப்பல் வரவில்லை என்று சொல்லும்படி நான் பின்னாலிருந்து சைகை காட்டினேன். அவள் பார்த்தாள். ஆனால் சொல்லவில்லை.

"வந்துடுச்சுப்பா" என்றாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் பேசினாள். ஆங்கிலம் வாய்வரை வருவதும் அவள் அதை விழுங்குவதும் எனக்குத் தெரிந்தது. "கறுப்பு வண்டி. ரொம்ப ஒசரம். ஒருத்தர் அதுல ஏறினாரு. அந்தோணி மாமா கால தூக்கி விட்டாரு. அப்புறம் செம்பனைக் காட்டுக்குள்ள போனாரு. வேகமா. நான் பின்னால போனேன், எனக்கு... எனக்கு எட்டவே இல்ல."

"மேடு இருக்குமே அங்க?"

"இருந்துச்சுப்பா. நிக்காம ஏறிட்டாரு."

"மட்டை கெடக்கும்."

"ஆமா. 'பாத்து வா'ன்னு என்கிட்ட சொன்னாரு. ஒரு மாட்டுக்கூட்டம் வந்துச்சு. மணி அடிச்சாரு, எல்லாம் ஒதுங்கிருச்சு. அப்புறம் கடல் வந்துடுச்சு."

"தஞ்சோங் டாவாய்க்கா? அம்மாந்தூரமா?" அவர் கண்கள் விரிந்தன. "விழலியே?"

"விழலப்பா."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வெகுநாளுக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு வந்தது. நித்யா உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டேன்.

"கொடுத்து வச்சவன்" என்றார்.